எக்ஸ்ரே அறையில் எம்மவர்: ஒஸ்லோவில் கதிர்ப்படப்பிடிப்புக் கல்வி

நோர்வே மண்ணில் கால்பதித்துப் புகலிடம் கோரிய எம்மவருள் பலர், இந்நாட்டின் வைத்தியசாலை அறையொன்றை முதன்முதலிற் கண்டது காசநோய்ப் பரிசோதனைக்காகவே. புகலிடம் கோருவோர் அப்பரிசோதனைக்கு உட்படவேண்டும் என்பது இங்குள்ள விதி. மேற்சட்டையைக் களைந்து, குளிர்ந்த பலகையில் நெஞ்சை அழுத்தி, தோள்களை முன்னே தள்ளி நிற்கையில், மறைப்புக்கு அப்பாலிருந்து ஒரு குரல் "பூஸ்த் இன்... ஹொல் பூஸ்தன்" என்று சொல்லும். மூச்சை உள்ளே இழு, பிடித்து வைத்திரு என்பதே அதன் பொருள். பொருள் விளங்காதவர்கள் மூச்சை விட்டுவிடுவார்கள், படம் கலங்கிப்போகும், மீண்டும் ஒருமுறை எடுக்கவேண்டி நேரும்.

அந்தக் குரலுக்குரியவர் வைத்தியர் அல்லர், தாதியும் அல்லர். கதிர்ப்படப்பிடிப்பாளர் என்று தமிழிலும், 'றாடியோகிராப்' என்று நோர்வே மொழியிலும் அழைக்கப்படும் தனித்தொழிலர் அவர். எமது சமூகத்திற் பெரிதும் பேசப்படாத இத்தொழிலையும், அதற்கான கல்வியை ஒஸ்லோவிற் பெறும் வழியையும், அக்கல்வியில் எமது மக்களுக்கென்று அடங்கியிருக்கும் ஒரு தனித் தேவையையும் வாசகர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்வியைத் தேடி வந்த சமூகம்

நோர்வேத் தமிழர் வரலாறு கல்வியோடும் தொழிலோடும் பின்னிப்பிணைந்தது. 1956 ஆம் ஆண்டில் இங்கு வந்துசேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் அவர்கள், பின்னாளில் 'சீநோர்' என்னும் அமைப்பின் மூலம் யாழ்ப்பாணத்துக் கடற்றொழிலாளரையும் நோர்வே மக்களையும் இணைத்துவைத்தார். அவரைத் தொடர்ந்து 1970களிலும் 1980களிலும் இளைஞர் பலர் இந்நாட்டின் மக்கள் உயர்பாடசாலைகளுக்கு மாணவராக வந்தனர். நாட்டில் யுத்தம் மூண்டபின் வந்தவர்களோ அகதிகளாக வந்தனர். அவர்களிற் கணிசமானோர் வடகோடியிலுள்ள பின்மார்க் மாவட்டத்து மீன் தொழிற்சாலைகளில் உழைத்து, பின்னர் பிள்ளைகளின் எதிர்காலங் கருதித் தெற்கே ஒஸ்லோவுக்கு இடம்பெயர்ந்தனர்.

அங்கும் வைத்தியசாலைகள் எம்மவருக்கு வேலை கொடுத்தன. நடைபாதைகளைத் துடைத்தோம், சமையற்கூடங்களிற் பாத்திரம் கழுவினோம், முதியோர் இல்லங்களில் உதவியாளராக நின்றோம். உழைப்பு எதுவும் இழிவன்று. அந்த உழைப்பினாலேயே வீடுகள் எழுந்தன. ஊரிலிருந்த உறவுகளும் பசியாறின. ஆயினும், அதே கட்டடத்தில் கதவொன்றுக்கு அப்பால், மூன்று ஆண்டுக் கல்வியோடு நிரந்தரத் தொழிலும் சட்டப் பாதுகாப்புள்ள பட்டமும் இருந்ததை நாம் எத்தனை பேர் அறிந்திருந்தோம்?

கதிர்ப்படப்பிடிப்பாளர் செய்வது என்ன?

1895 நவம்பர் 8 ஆந் திகதி ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் வில்ஹெல்ம் றொன்ட்கன் என்னும் பௌதிகப் பேராசிரியர், தடித்த அட்டையையும் ஊடுருவிச் செல்லும் புதிய கதிரொன்றைக் கண்டறிந்தார். அதன் இயல்பு தெரியாமையால் 'எக்ஸ்' எனப் பெயரிட்டார். அடுத்த மாதமே தம் மனைவியின் கையைப் படமெடுத்தார். எலும்புகளும் விரலிலிருந்த மோதிரமும் அப்படத்தில் தெரிந்தன. 1901 இல் பௌதிகத்துக்கான முதலாவது நோபல் பரிசு அவருக்கே கிடைத்தது. நோர்வே மக்கள் இன்றும் எக்ஸ்ரே பரிசோதனையை அவர் பெயராலேயே 'றொன்ட்கன்' என்று வழங்குகின்றனர்.

எலும்பிலுள்ள கல்சியம் இக்கதிரைப் பெரிதும் உறிஞ்சிக்கொள்கிறது. தசை குறைவாக உறிஞ்சுகிறது. காற்று நிறைந்த நுரையீரலோ ஏறத்தாழத் தடையின்றி விட்டுவிடுகிறது. இந்த வேறுபாடே படமாகிறது. எந்தக் கோணத்தில் உடலை வைப்பது, எவ்வளவு மின்னழுத்தத்தில் கதிரைச் செலுத்துவது, எந்தப் பகுதியை மட்டும் கதிருக்குத் திறந்துவிடுவது என்பவற்றைத் தீர்மானிப்பவர் கதிர்ப்படப்பிடிப்பாளர். எடுத்த படத்தை ஆராய்ந்து நோய் இன்னதென்று அறிக்கை எழுதுபவர் கதிரியல் வைத்திய நிபுணர். இவ்விருவர் பணியையும் எம்மவர் ஒன்றாகக் கருதி மயங்குவதுண்டு. படமெடுத்தவரிடம் "தங்கச்சி, என்ன வருத்தமாம்?" என்று கேட்டு, அவர் பதில் சொல்லாதபோது மனம் நோவதும் இம்மயக்கத்தாலேயே.

இன்று இத்தொழில் எக்ஸ்ரே படத்தோடு நின்றுவிடவில்லை. 1971 இல் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தப்பட்ட சீ.ரி. ஸ்கான், உடலைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பது போன்ற படங்களைத் தருகிறது. காந்தப்புலத்தின் துணையோடு இயங்கும் எம்.ஆர்.ஐ. மூளையையும் முள்ளந்தண்டையும் மூட்டுக்களையும் துலக்கமாகக் காட்டுகிறது. இவற்றுடன் மார்பகப் படப்பிடிப்பு, இரத்தக்குழாய்ச் சிகிச்சைகளின்போது படம்பிடித்தல், அணுமருத்துவப் பரிசோதனை ஆகியனவும் கதிர்ப்படப்பிடிப்பாளரின் கைக்குள் அடங்குகின்றன. புற்றுநோயாளருக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கும் பணிக்கு, பட்டத்தின்பின் மேலதிகக் கல்வி பெற்றுச் செல்லலாம்.

மூன்று ஆண்டுக் கல்வி

ஒஸ்லோவில் இக்கல்வியை வழங்குவது, நகர நடுவே பீலஸ்த்ரேட பகுதியில் அமைந்துள்ள ஒஸ்லோமெற் பல்கலைக்கழகமாகும். 1994 ஆம் ஆண்டின் உயர்கல்விச் சீர்திருத்தத்தின்போது நகரின் சிறு கல்லூரிகள் பல ஒன்றிணைந்து ஒஸ்லோ உயர்கல்லூரி உருவாயிற்று. 2011 இல் அது ஆக்கர்ஷூஸ் உயர்கல்லூரியோடு இணைந்தது. 2018 இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. எனவேதான் எம்மவரில் மூத்தோர் இன்றும் அதனை 'ஹொக்ஸ்கூலன்' என்றே குறிப்பிடுகின்றனர். தலைநகருக்கு வெளியே டிறாமன், பேர்கன், யொவிக், துறொன்ஹைம், துறொம்சோ ஆகிய நகரங்களிலும் இக்கல்வி உண்டு.

படிப்பு மூன்று ஆண்டுகளுக்குரியது. 180 கல்விப்புள்ளிகள் கொண்டது. நிறைவில் பேச்சலர் பட்டம் வழங்கப்படும். உடற்கூற்றியல், உடற்றொழிலியல், நோயியல், கதிர்வீச்சுப் பௌதிகம், கதிர்ப் பாதுகாப்பு, படமெடுக்கும் முறைகள், நோயாளரைப் பராமரித்தல், மருத்துவ ஒழுக்கவியல், சட்டம் ஆகியன பாடங்கள். மூன்றாம் ஆண்டில் ஆய்வுக்கட்டுரையொன்றும் எழுதவேண்டும். 2020 ஆம் ஆண்டு இலையுதிர்காலத்திலிருந்து இக்கல்விக்கு நாடு முழுவதற்கும் பொதுவான வழிகாட்டல் நடைமுறையில் இருப்பதால், எந்த நகரிற் படித்தாலும் பெறவேண்டிய அடிப்படைத் தேர்ச்சி ஒன்றே.

வகுப்பறையில் மட்டும் இத்தொழிலைக் கற்கமுடியாது. மாணவர் கணிசமான காலத்தை வைத்தியசாலைகளிற் பயிற்சியிற் கழிக்கின்றனர். உல்லெவோல், றிக்ஸ்ஹொஸ்பித்தால், ஆக்கர், 1932 இல் திறக்கப்பட்ட றேடியம் ஹொஸ்பித்தால் ஆகிய நான்கும் 2009 முதல் ஒஸ்லோ பல்கலைக்கழக வைத்தியசாலை என்னும் ஒரே குடையின்கீழ் இயங்குகின்றன. லோறன்ஸ்கூக்கில் ஆக்கர்ஷூஸ் பல்கலைக்கழக வைத்தியசாலை உள்ளது. க்றூறுடாலன் பள்ளத்தாக்கில் வாழும் எம்மவர் பலருக்கு நன்கு பழகிய பெயர்களே இவை.

படிப்பு முடிந்ததும் சுகாதாரப் பணிப்பகத்திடம் விண்ணப்பித்துத் தொழில் அங்கீகாரம் பெறவேண்டும். 2001 இல் நடைமுறைக்கு வந்த சுகாதாரப் பணியாளர் சட்டத்தின்கீழ் இத்தொழிற்பெயர் பாதுகாக்கப்பட்டதாகும். அங்கீகாரமற்ற எவரும் தம்மை 'றாடியோகிராப்' என அழைத்துக்கொள்ள முடியாது. வேறொரு நாட்டவர் என்றோ, வேறொரு நிறத்தவர் என்றோ இவ்வங்கீகாரத்தை மறுக்கவும் எவராலும் முடியாது. அகதியாக வந்து, எப்போதும் யாரோ ஒருவரின் தயவிலே நிற்பதாக உணர்ந்த ஒரு சமூகத்திற்கு இது சிறிய விடயமன்று.

அனுமதி பெறுவது எவ்வாறு?

நோர்வேயின் பேச்சலர் கற்கைகளுக்கான அனுமதிகள் பெரும்பாலும் 'சம்ஓர்ட்னா ஒப்தாக்' என்னும் பொது அனுமதி அமைப்பின் ஊடாகவே நடைபெறுகின்றன. விண்ணப்ப முடிவுத் திகதி ஏப்ரல் 15. வெளிநாட்டுக் கல்வித் தகைமையோடு விண்ணப்பிப்போர் போன்ற சில பிரிவினருக்கு மார்ச் 1 இறுதி நாளாகும். ஏப்ரல் வரை காலம் உண்டென்று எண்ணியிருந்து, தம் பிரிவுக்கு மார்ச் மாதத்திலேயே கதவு மூடப்பட்டதை அறிந்து ஓராண்டை இழப்போர் உண்டு. இதனைக் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்வது நன்று.

இங்கு மேல்நிலைப் பாடசாலை முடித்த பிள்ளைகள் பலருக்குப் பொதுவான உயர்கல்வித் தகுதி இருக்கும். தாயகத்திற் க.பொ.த. உயர்தரம் பயின்று வந்தவர்களின் தகைமை, நாடுவாரியாக வகுக்கப்பட்ட பட்டியலின்படி மதிப்பிடப்படும். அவர்கள் நோர்வே மொழியிலும் ஆங்கிலத்திலும் உரிய தேர்ச்சியைக் காட்டவேண்டும். நோர்வே மொழியில் வேண்டப்படும் தரம் பி2 ஆகும். அகதிகளுக்கான அறிமுகத் திட்டத்தில் பி1 தரத்தை எட்டியதும் "இனி வேலைக்குப் போவோம்" என்று மொழிப்படிப்பைக் கைவிடுவோர் எம்மிடையே பலர். அந்த ஒரு படியைத் தாண்டாமையே பல்கலைக்கழக வாசலை மூடிவிடுகிறது.

வயது வந்தோர்க்கும் வழி உண்டு. 23 வயதை அடைந்து, ஐந்து ஆண்டுகள் வேலையோ கல்வியோ பெற்ற அனுபவமும், நோர்வே மொழி, ஆங்கிலம், கணிதம், இயற்கை விஞ்ஞானம், சமூகக்கல்வி, வரலாறு ஆகிய ஆறு பாடங்களில் தேர்ச்சியும் உடையோர் '23/5 விதி' எனப்படும் முறையில் தகுதி பெறலாம். மீன் தொழிற்சாலையிலும் துப்புரவுப் பணியிலும் கழிந்த ஆண்டுகளும் இங்கே கணக்கில் வருகின்றன. விதிகள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டுக்குரிய நிபந்தனைகளை நேரில் வாசித்தறிதல் அவசியம். நோயாளரோடு பழகும் கல்வி என்பதால் பொலிஸ் நற்சான்றிதழும் கேட்கப்படும்.

பணத்தைப் பொறுத்தவரை, அரச பல்கலைக்கழகங்களில் இந்நாட்டவரிடம் கற்கைக்கட்டணம் அறவிடப்படுவதில்லை. சிறு தொகையான தவணைக்கட்டணமே உண்டு. 2023 இலையுதிர்காலம் முதல் ஐரோப்பிய நாடுகளுக்கு வெளியிலிருந்து படிப்பதற்கென வரும் மாணவருக்குக் கட்டணம் விதிக்கப்பட்டது. அகதி நிலை பெற்றோரும் நிரந்தர வதிவிட உரிமை பெற்றோரும் அதற்கு உட்பட்டவர்கள் அல்லர். வாழ்க்கைச் செலவுக்கு 'லோனகாசன்' எனப்படும் அரச கல்விக்கடன் நிதியம் உதவுகிறது. பரீட்சைகளிற் சித்தியடைந்து பட்டத்தையும் நிறைவு செய்தால், அடிப்படைத் தொகையின் 40 வீதம்வரை திருப்பிச் செலுத்தத் தேவையற்ற மானியமாக மாற்றப்படலாம்.

தாயகத்திலோ வேறிடத்திலோ இத்துறையிற் படித்துப் பணியாற்றி வந்தவர்களும் எம்மிடையே இருக்கக்கூடும். இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகம் கதிர்ப்படப்பிடிப்பிற் பட்டக்கல்வி வழங்குகிறது. அத்தகையோர் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கவேண்டும் என்பதில்லை. சுகாதாரப் பணிப்பகம் அவர்களின் கல்வியை நோர்வேக் கல்வியோடு ஒப்பிட்டு, மொழித் தேர்ச்சி முதலிய மேலதிக நிபந்தனைகளின் பேரில் அங்கீகாரம் பற்றித் தீர்மானிக்கும்.

சான்றிதழ்கள் எரிந்தும் தொலைந்தும் போனவர்களுக்கும் ஒரு குறிப்பு. ஆவணமற்ற அகதிகளின் உயர்கல்வியை நேர்காணல் மூலம் மதிப்பிடும் முறை நோர்வேயில் 2013 இல் அறிமுகமாயிற்று. ஐரோப்பிய மன்றம் 2017 முதல் 'அகதிகளுக்கான ஐரோப்பியத் தகைமைக் கடவுச்சீட்டு' என்னும் ஏற்பாட்டை நடத்திவருகிறது. இது தொழில் உரிமம் ஆகாது; எனினும், ஒருவர் கற்றது வீண்போகவில்லை என்பதற்கு எழுத்திலான சாட்சியாக அமையும்.

உடலிற் தங்கிய யுத்தம்

இனி, எமது மக்களுக்கென்று இத்தொழிலில் அடங்கியுள்ள தனித் தேவைக்கு வருவோம். பொதுவாக எம்.ஆர்.ஐ. இயந்திரங்களின் காந்தப்புலம் 1.5 அல்லது 3 தெஸ்லா வலுவுடையது. 1.5 தெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப் போல் ஏறத்தாழ 30,000 மடங்காகும். அக்காந்தம் இரவும் பகலும் ஓயாது இயங்கிக்கொண்டே இருக்கும். படமெடுக்காத வேளையிலும் அணைக்கப்படுவதில்லை. எனவே அறைக்குள் நுழையுமுன் ஒவ்வொரு நோயாளியிடமும் ஒரு வினாக்கொத்து கொடுக்கப்படும். இதயமுடுக்கி உண்டா, சத்திரசிகிச்சையில் உலோகம் வைக்கப்பட்டதா என்ற வினாக்களோடு, உடலில் 'மெத்தால்ஸ்பிளிந்த்', அதாவது உலோகச் சிதறல், உண்டா என்பதும் கேட்கப்படும்.

நோர்வேயிற் பிறந்து வளர்ந்த ஒருவர், பட்டறையில் இரும்பு அராவியபோது கண்ணிற் தெறித்த துகளை நினைத்து இவ்வினாவுக்குப் பதில் எழுதுவார். எம்மவருக்கோ இவ்வினாவின் பொருள் வேறு. ஷெல்வீச்சிலும் விமானக் குண்டுவீச்சிலும் சிதறிய துண்டுகள் முதுகிலும் தொடையிலும் தலையோட்டின் அருகிலும் தங்கிவிட்ட நிலையில், ஆண்டுக்கணக்காக நடமாடுவோர் எமது சமூகத்தில் உள்ளனர். "எடுத்தால் நரம்பு பாதிக்கும், இருக்கட்டும்" என்று அன்று ஊரில் வைத்தியர் விட்டுவிட்ட துண்டுகள் அவை. 'ஸ்பிளிந்த்' என்ற சொல் விளங்காமல் 'இல்லை' என்ற கட்டத்திற் புள்ளடியிடலாம். விளங்கினாலும், "ஏன் பட்டது, எங்கே பட்டது, நீ யார்" என்ற கேள்விகள் தொடருமோ என்ற பழைய அச்சத்தினால் மறைக்கலாம். யுத்த முனையிலும் முகாமிலும் கேள்வி கேட்டவர்களை அறிந்தவர்களுக்கு இந்த அச்சம் எளிதில் நீங்குவதன்று.

மறைத்தலின் விளைவு பாரதூரமானது. கண்ணுக்குள் இருந்த இரும்புத்துகள் காந்தப்புலத்தில் அசைந்தமையால் நோயாளி ஒருவர் ஒரு கண்ணின் பார்வையை இழந்த சம்பவம் 1986 ஆம் ஆண்டிலேயே மருத்துவ ஏட்டிற் பதிவாகியுள்ளது. அதேவேளை, உண்மையைச் சொன்னதனால் எவரும் உடனே திருப்பி அனுப்பப்படுவதில்லை. முதலில் சாதாரண எக்ஸ்ரே எடுத்துத் துண்டு எங்குள்ளது என்று பார்ப்பார்கள். அதன் இடம், தன்மை, அது உடலிற் தங்கிய காலம் ஆகியவற்றைக் கருதி, எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா, சீ.ரி. ஸ்கான் போதுமா என்பதைக் கதிரியல் வைத்திய நிபுணர் முடிவு செய்வார். அங்கே கேட்கப்படும் வினாவுக்கு விசாரணை அதிகாரியின் நோக்கம் இல்லை. நோயாளியின் உயிரைக் காப்பதற்காகவே அது கேட்கப்படுகிறது. இதனை எமது முதியோருக்கு அவர்கள் மொழியிலே விளக்கவேண்டிய கடமை எம் அனைவருக்கும் உண்டு.

சிறிய விடயங்களும் உண்டு. நெஞ்சுப் படத்திற்குத் தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னால் எமது தாய்மார் திகைத்து நிற்பர். தங்கம் காந்தத்தால் ஈர்க்கப்படுவதில்லையாயினும், படத்தில் வெண்ணிழலாக விழுந்து அதன் பின்னாலுள்ளதை மறைத்துவிடும். தாலியிற் கோத்த ஊசியும் சேலையிற் குத்திய ஊசியும் உருக்கினால் ஆனவை, எம்.ஆர்.ஐ. அறையில் அவை அம்பாகப் பாயக்கூடியவை. தாயத்து, அரைஞாண், பிள்ளையின் இடுப்பிற் கட்டிய வெள்ளி ஆகியவற்றை எங்கே தேடவேண்டும் என்று எமது வீடுகளில் வளர்ந்த ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஏன் கழற்றவேண்டும் என்று தாய்க்கு மரியாதையோடு எடுத்துச் சொல்லவும் அவரால் முடியும். அவர் தம்மோடு பணிபுரியும் நோர்வே நாட்டவருக்கும் இதைக் கற்பிப்பார்; அதனாற் பயன்பெறுவோர் தமிழர் மட்டுமல்லர்.

மார்பகப் பரிசோதனையும் இங்கே குறிப்பிடத்தக்கது. 50 முதல் 69 வயது வரையுள்ள பெண்களை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அழைக்கும் திட்டம் 1990களின் நடுப்பகுதியில் ஒஸ்லோ உட்பட நான்கு மாவட்டங்களில் ஆரம்பமாகி, 2005 முதல் நாடு முழுவதும் நடைபெறுகிறது. குடிவரவுப் பின்னணி கொண்ட பெண்கள் இவ்வழைப்புக்குச் செல்வது இந்நாட்டிற் பிறந்தோரைவிடக் குறைவு என்பதை நோர்வே ஆய்வுகள் காட்டியுள்ளன. வெட்கம், அச்சம், கடிதத்தின் மொழி விளங்காமை ஆகிய மூன்றுமே எம்மவர் வீடுகளில் அக்கடிதத்தை இழுப்பறைக்குள் தள்ளிவிடுகின்றன. அம்மா, மாமி, பெரியம்மா ஆகியோருக்கு அதனை வாசித்துக் காட்டுவது இன்றே செய்யக்கூடிய பணி.

மொழிபெயர்ப்பும் இரகசியமும்

இதனால், தமிழ்க் கதிர்ப்படப்பிடிப்பாளர் ஒருவர் மொழிபெயர்ப்பாளராகவும் இருக்கவேண்டும் என்று எண்ணிவிடலாகாது. நோயாளிக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் அவரை ஒழுங்கு செய்வது வைத்தியசாலையின் பொறுப்பு. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டம், பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்ப்பிப்பதைத் தடை செய்கிறது. தாயின் புற்றுநோயைப் பத்து வயது மகள் தன் வாயாற் சொல்லவேண்டிய அவலம் எமது குடும்பங்களில் நேர்ந்ததுண்டு. இனி அது நேரலாகாது. உரிமையைக் கேட்டுப் பெறவேண்டும்.

சிறிய சமூகமொன்றில் எழும் மற்றொரு தயக்கத்தையும் மறைப்பதற்கில்லை. "தமிழ்ப் பிள்ளை நின்றால் ஊரெல்லாம் கதை போய்விடும்" என்று அஞ்சி, தமிழரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வோர் உண்டு. சுகாதாரப் பணியாளர் சட்டம் நோயாளியின் இரகசியத்தைக் காப்பதைக் கடுமையான கடமையாக விதித்துள்ளது. அதை மீறுபவர் தொழில் அங்கீகாரத்தையே இழக்க நேரலாம். தன் பணிக்குத் தொடர்பற்ற ஒருவரின் கோவையைத் திறந்து பார்ப்பதே குற்றமாகும். கோவில் வாசலிலோ கலியாண வீட்டிலோ "அவருக்கு என்னவாம்?" என்று அந்தப் பிள்ளையை வற்புறுத்துபவர், அப்பிள்ளை மூன்று ஆண்டுகள் படித்துப் பெற்றதை ஆபத்துக்குள்ளாக்குகிறார் என்பதை உணரவேண்டும்.

கதிருக்கு அஞ்சவேண்டுமா?

"பெண்பிள்ளைக்கு இந்த வேலை ஆகாது, கதிர் பட்டால் பிள்ளைப்பேறு இல்லாமற் போகும்" என்ற பேச்சு எமது வீடுகளிற் கேட்பதுண்டு. உண்மை நிலையைப் பார்ப்போம். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றின் அளவு 0.1 மில்லிசீவேட்டுக்கும் குறைவு. உலக மக்கள் மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாக ஆண்டொன்றுக்குப் பெறுவது சராசரியாக 2.4 மில்லிசீவேட். வயிற்றுப் பகுதி சீ.ரி. ஸ்கானில் இவ்வளவு கூடி 10 மில்லிசீவேட் வரையும் செல்லக்கூடும். ஆகவேதான் தேவையற்ற ஸ்கானைத் தவிர்ப்பதும் கதிர்ப்படப்பிடிப்பாளரின் கடமைகளுள் ஒன்று. எம்.ஆர்.ஐ.யிலும் அல்ட்ராசவுண்டிலும் இத்தகைய கதிரே இல்லை.

பணியாளருக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச எல்லை ஆண்டொன்றுக்கு 20 மில்லிசீவேட். கருவுற்ற பணியாளரின் சிசுவுக்கு, அறிவித்த நாள்முதல் எஞ்சிய கர்ப்பகாலம் முழுவதற்கும் 1 மில்லிசீவேட்டே எல்லை. பணியாளர் அணியும் சிறு மானி அவர் பெற்ற கதிரளவைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கும். நேரத்தைக் குறைத்தல், தூரத்தைக் கூட்டுதல், தடுப்பின்பின் நிற்றல் ஆகிய மூன்றுமே பாதுகாப்பின் அடிப்படை. கதிர்மூலத்திலிருந்து தூரத்தை இரட்டித்தால் கதிர் நான்கில் ஒன்றாகிறது என்பது உயர்தரப் பௌதிகம் பயின்ற எவருக்கும் தெரிந்த விதிதான்.

டொக்டரா, எஞ்சினியரா?

எமது பெற்றோரின் கனவில் இரு கதிரைகளே போடப்பட்டுள்ளன: ஒன்று டொக்டருக்கு, மற்றையது எஞ்சினியருக்கு. அவற்றில் அமரமுடியாத பிள்ளை தோற்றுப்போனதாக எண்ணப்படுகிறது. மருத்துவபீடத்துக்கு ஓரிரு புள்ளிகள் குறைந்தமையால், ஆண்டாண்டாகப் பரீட்சையைத் திரும்ப எழுதி மனமுடைந்துபோகும் பிள்ளைகளை நாம் அறிவோம். கதிர்ப்படப்பிடிப்பு மருத்துவத்தின் குறைந்த வடிவம் அன்று. பௌதிகமும் உடற்கூறும் மனித நேயமும் ஒருங்கே தேவைப்படும் தனித் துறை அது. பட்டத்தின்பின் மேற்பட்டம், ஆராய்ச்சி, கற்பித்தல் ஆகிய பாதைகளும் திறந்தேயுள்ளன.

ஆயினும் இத்தொழிலின் கடினத்தையும் சொல்லாதுவிடல் நேர்மையாகாது. இரவு முறையும் வார இறுதி முறையும் உண்டு. விபத்திற் சிதைந்த உடலை நள்ளிரவில் மேசையிற் கிடத்திப் படமெடுக்கவேண்டி வரும். நோயாளியைத் தூக்கி அமர்த்தும் வேலையால் முதுகு நோகும். ஒவ்வொருவரோடும் கிடைப்பது சில நிமிடங்களே. அதற்குள் வட்டார வழக்கிற் பேசும் எண்பது வயது மூதாட்டியின் சொல்லை விளங்கிக்கொள்ளவேண்டும். வகுப்பறை நோர்வே மொழி இதற்குப் போதாது. பயிற்சிக்காலத்தில் எமது மாணவர் தடுமாறக்கூடிய இடம் பாடப்புத்தகத்திலன்றி இங்கேதான் என்பதால், முதியோர் இல்லத்தில் வார இறுதி வேலை செய்து பேச்சுமொழியைப் பழகுவது சிறந்த ஆயத்தமாகும்.

பிறமொழியில் மருத்துவம் கற்பது எமக்குப் புதியதன்று. எமது மொழியில் மருத்துவம் கற்பித்ததும் எமக்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைத்தேய மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவர்க்குக் கற்பித்தார். நோயாளி தன் நோவைத் தன் மொழியிலேதான் சொல்வான் என்பதை அவர் அறிந்திருந்தார். ஒஸ்லோவிற் படிக்கும் எமது பிள்ளைகள் நோர்வே மொழியிற் கற்பதை, வீட்டிலும் தமிழ்ப் பாடசாலையிலும் பெற்ற தமிழோடு இணைத்துக்கொள்வார்களாயின், ஒரு மொழியின் அறிவு மறுமொழியின் நோயாளிக்கு உதவும்.

இவ்வாண்டு மேல்நிலைப் பாடசாலையை முடிக்கும் பிள்ளைகளும், மொழிவகுப்பில் அமர்ந்திருக்கும் இளைஞரும், பாதியில் விட்ட படிப்பை எண்ணிப் பெருமூச்செறியும் பெற்றோரும் மூன்று காரியங்களைச் செய்யலாம். முதலாவது, தமக்குரிய முடிவுத் திகதி மார்ச் 1 ஆ, ஏப்ரல் 15 ஆ என்பதை உறுதிப்படுத்திக்கொள்வது. இரண்டாவது, பி2 மொழித்தேர்ச்சிக்கு நாள் குறிப்பது. மூன்றாவது, தம் வீட்டிலுள்ள முதியவரிடம் அமைதியாக அமர்ந்து, "உங்கள் உடம்பிற் துண்டு ஏதும் இருக்கிறதா, எங்கே இருக்கிறது?" என்று கேட்டு எழுதிவைப்பது. அந்தத் தாளைக் குடும்ப வைத்தியரிடம் கொடுத்து, கோவையிற் பதியச் செய்யுங்கள். படிப்புக்குக் காலம் எடுக்கும். இந்த மூன்றாவது காரியத்துக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.